சர்வைவல் துப்பாக்கி அடிக்கடி வெடிக்காமல் போகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

உங்களுடையது ஏஆர்-7 வகை, .22 ரைஃபிள். பத்துத் தோட்டாவில் இரண்டு மூன்று வெடிப்பதில்லை, குழலை நன்றாகத் துடைத்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே தொல்லை இருந்தது. நான் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வட பகுதியில் இருக்கிறேன். ஜனவரியில், மைனஸ் 20 டிகிரியில், பனிமுயல் ஒன்றைக் குறிபார்த்து விசையை அழுத்தினேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

அந்த 'டிக்' வந்தால் உடனே போல்ட்டை, அதாவது குழலின் பின்முனையை மூடும் உலோகப் பகுதியை, இழுக்காதீர்கள். தோட்டா தாமதமாக வெடிக்கலாம். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 வினாடி காத்திருந்துவிட்டு எடுங்கள். வழக்கமான ஓசை இல்லாமல் லேசாக 'டப்' என்று மட்டும் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குழலில் அடைப்பில்லை என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது.

சரி, வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போடாமல் அதன் விளிம்பைப் பாருங்கள். எனக்கு வழி காட்டியது அதுதான். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் என்ற சிறு ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். பள்ளம் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால், அந்த இடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் இருந்திருக்கும். பெரும்பாலும் குறை தோட்டாவில். வேறு தயாரிப்பை வாங்கிப் பாருங்கள். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் குறை துப்பாக்கியில்.

என் தோட்டாக்களில் நகக்கீறல் அளவுக்குத்தான் தடம் இருந்தது. காரணம் நான் ஊற்றிய எண்ணெய். கோடை முடிந்து உள்ளே வைக்கும்போது, துரு பிடிக்கக் கூடாதே என்று போல்ட்டில் தாராளமாக விட்டிருந்தேன். அது கரியோடும், ஈயக்குண்டின் மேலிருக்கும் மெழுகோடும் கலந்து, குளிரில் கூழாகிவிட்டது. ஃபயரிங் பின் நகரும் பள்ளத்தில் அந்தக் கூழ் இருந்தால் அடியின் வேகம் அதிலேயே செத்துவிடும். குழலை எத்தனை முறை துடைத்தாலும் இது போகாது.

இன்னொரு காரணம், போல்ட் முழுதாக மூடாமல் போவது. இந்தத் துப்பாக்கியில் போல்ட்டைப் பூட்டும் அமைப்பு கிடையாது. அதன் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகளும்தான் அதை நிறுத்துகின்றன. தோட்டா அறையில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தில், அழுக்கு சேர்ந்தால் போல்ட் ஒரு மயிரிழை பின்னாலேயே நின்றுவிடும். ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலின் வேகத்தில் ஒரு பகுதி அதை முன்னே தள்ளவே செலவாகும். குழலை இணைக்கும் நட்டு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். சுடச்சுட அது தளரும். நடுநடுவே கையால் இறுக்கிப் பாருங்கள், ஆனால் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகு.

சுத்தம் செய்ய ஜன்னல் திறந்த அறையில் உட்காருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கையேட்டில் சொன்ன வரிசையில் குழலைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுங்கள். ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும், அதனால் விரலால் தடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் முகம், தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடிப்பக்கம், ஃபயரிங் பின்னின் பள்ளம் மூன்றையும் துப்பாக்கிக்கான கரைப்பானும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேயுங்கள். தோட்டா அறைக்குப் பித்தளை பிரஷ். தோளில் அணைக்கும் பிளாஸ்டிக் கட்டையில் கரைப்பான் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, உரசும் இடங்களில் மட்டும் ஒரு துளி எண்ணெய். ஃபயரிங் பின்னின் பள்ளத்தில் எண்ணெயே வேண்டாம். கடுங்குளிருக்கு கிராஃபைட் தூள் நல்லது. முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம் ஒட்டியிருக்கும்.

தோட்டா அறையின் வாயையும் விளக்கடியில் பாருங்கள். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை அழுத்திப் பழகினால் ஃபயரிங் பின் அந்த வாயின் விளிம்பில் மோதிப் பிசிறு உண்டாக்கும். பிசிறு இருந்தாலும், பின்னின் முனை மழுங்கியிருந்தாலும் நீங்களே அரம் வைக்காமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஏஆர்-7-ஐ யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்துக்காக வடிவமைத்தார், 1959-இல் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விமானப்படைக்காக அந்த நிறுவனம் முன்பு செய்த ஏஆர்-5 ரைஃபிளின் வழியில் வந்தது இது. எல்லாப் பாகங்களும் கட்டைக்குள் அடங்கிவிடும், தண்ணீரில் மிதக்கும். அந்த வசதியே ஒரு சங்கடம்: ஈரத்தோடு மூடி வைத்தால் உள்ளேயே துருவேறும். குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், அதனால் பாகங்களைத் துணிமேல் பரப்பி ஓர் இரவு காயவிடுங்கள்.

பொதுவாக இதற்கு 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடைக் குண்டுள்ள, முனை உருண்ட, அதிவேகத் தோட்டா ஒத்துவருகிறது. சுத்தம் செய்த பிறகு காட்டுக்குப் போகும் முன், சுடுதளத்தில் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். நான் அப்படிச் சுட்டபோது ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை. வெடிக்காத பழைய தோட்டாக்களைக் குப்பையில் போடாமல், அவற்றுக்கென்று சுடுதளத்தில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.