மாசியில் பூத்த தொட்டி சித்திரையில் ஏன் காய்கிறது?

கேள்வி: மொட்டை மாடியில் 2 அடி நீளத் தொட்டிகள் ஆறு இருக்கின்றன. போன வருசம் மாசியில் நர்சரியில் பூவோடு இருந்த பெட்டூனியாவும் சாமந்தியும் வாங்கி நட்டேன். சித்திரைக்குள் எல்லாம் போய்விட்டது. இந்த மாசியில் அதே மண்ணில் வேறு என்ன நடலாம்? தண்ணீர் போர் தண்ணீர்தான்.
- ஒரு வாசகி, அவிநாசி

உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீங்க. பெட்டூனியா நம் பக்கம் குளிர்காலப் பூ, வெயில் ஏறினால் போய்விடும். சாமந்தி கதை வேறு. இரவு நீண்டிருந்தால்தான் அது மொட்டு வைக்கும். நீங்கள் நர்சரியில் பார்த்த பூ பனிக்காலத்து மொட்டு. பங்குனிக்கு மேல் பகல் நீள நீள வெறும் இலைதான் வரும்.

எனக்குக் கவலை அந்த ‘அதே மண்’தான். தொட்டி ஓரத்தைப் பாருங்க, சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளையாகப் பூத்திருக்கும். போர் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்குகிறது. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, இலை நுனி கருகும். வெயில் என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவோம்!

முதலில் மேல்மண்ணை 2 அங்குலம் சுரண்டி எறியுங்கள். பிறகு தொட்டியைக் கவிழ்த்து, அடியில் பாய் மாதிரி பின்னிக் கிடக்கும் பழைய வேரைப் பிய்த்தெடுங்கள். வடிகால் துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள், பாதி அடைத்திருக்கும். பழைய மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். பொள்ளாச்சி நார்க்கட்டியிலும் உப்பு உண்டு, ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தே சேர்க்கணும். உரம் கலப்பதற்கு முன்பே பழைய மண்ணில் தொட்டிக்கு மூன்று நான்கு குடம் குடிநீரோ மழைநீரோ ஊற்றி அடிவழியே வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும். உரத்தோடு ஊற்றினால் சத்தும் சேர்ந்து போய்விடும். நட்ட பிறகும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி செடி. மேற்கு வெயில் அடிக்கும் தொட்டிக்குப் பத்துமணிப் பூ. பக்கத்து வீட்டில் விரல் நீளத் தண்டு கிள்ளி ஊன்றினாலே போதும், காசு கொடுத்து வாங்காதீங்க. நித்தியகல்யாணி ஒரு தொட்டிக்கு மூன்றே போதும், தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். ஜினியாவை விதையாக நேரே தொட்டியில் போடுங்கள். வாடாமல்லியும் வெயில் தாங்கும். எதுவானாலும் குட்டை ரகமாகப் பாருங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் உயரச் செடியை விட்டுவைக்காது. அதனால்தான் நெட்டைச் செண்டுமல்லியை நான் சொல்லவில்லை.

தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். கான்கிரீட் சூடு அடிவேரை வேகவைத்துவிடும்.

சாமந்தியை விட மனசில்லையா? அடுத்த முறை பூ முடிந்ததும் செடியை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, நிழலில் வையுங்கள். அடியில் முளைக்கும் கன்றுகளை ஆனியில் பிரித்து நட்டால், கார்த்திகை வாக்கில் மொட்டு பார்க்கலாம்.