ஒரு சீட்டு, இரவல் சின்னம்: சிறு கட்சி ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எங்களுடையது சிறிய இடதுசாரிக் கட்சி. நெசவாளர், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. தேர்தல் ஆணையத்தில் பதிவு இருக்கிறது, நிரந்தரச் சின்னம் தரும் அங்கீகாரம் இல்லை. வரும் சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டணித் தலைமை ஒரு தொகுதி தருகிறது. ஆனால் தங்கள் சின்னத்தில்தான் நிற்க வேண்டுமாம். "ஜெயித்தால் போதும், கட்சி எங்கே போய்விடும்?" என்கிறார்கள் தோழர்கள் சிலர். என்ன செய்யலாம்?
– ஒரு மாவட்டச் செயலாளர்

பதில்: போய்விடும் தோழர். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பெரிய கட்சியின் சின்னம் வேண்டுமென்றால் படிவம் 'ஏ', 'பி' இரண்டையும் அந்தக் கட்சிதான் தர வேண்டும். 'பி' படிவத்தை ஒருமுறை வாங்கி நிதானமாகப் படித்துப் பாருங்கள். இந்த வேட்பாளர் எங்கள் கட்சி உறுப்பினர், எங்கள் உறுப்பினர் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறது என்ற சான்று அதிலேயே உண்டு. அந்தக் காகிதம் தேர்தல் நடத்தும் அலுவலரின் கைக்குப் போய்விட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் ஆள் இல்லை. ஜெயித்து உள்ளே போனாலும், எந்தக் கட்சி நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினர்தான் என்கிறது அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை. கொறடா உத்தரவு அவரையும் கட்டும். கூட்டுறவுச் சங்கங்களைப் பாதிக்கும் மசோதா ஒன்று வந்து, நீங்கள் தெருவில் நின்று எதிர்த்தாலும், கொறடா சொன்னபடி அவர் உள்ளே ஆதரித்து வாக்களித்தாக வேண்டும். மீறினால் பதவி போகும் ஆபத்து.

வாங்கிய வாக்குகளும் பெரிய கட்சியின் கணக்கில்தான் ஏறும். இதன் விளைவு 2025 செப்டம்பரில் தெரிந்தது. ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் போட்டியிடவில்லை என்று சொல்லிப் பதிவுபெற்ற கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியபோது, மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் அதில் அடிபட்டன. இரண்டுக்கும் சட்டமன்றத்தில் ஆள் இருந்தது. ஆனால் 2021-ல் அவர்கள் நின்றது உதயசூரியனில். அதனால் அந்தக் கட்சிகள் போட்டியிட்டதாகவே கணக்கில் வரவில்லை.

எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது. மோசடி போன்ற ஓரிரு காரணங்கள் தவிர, பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டணி என்ற ஒன்று இந்த நாட்டில் இருப்பதே தெரியாததுபோல நம் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் 1917-ல் பிறந்த கூட்டுறவுக் கட்சி, 1927 முதல் தொழிற்கட்சியோடு உடன்பாட்டில் இருக்கிறது. அதன் வேட்பாளர்கள் இரண்டு கட்சிகளின் பெயரையும் சேர்த்துப் போட்டே வாக்குச்சீட்டில் நிற்கிறார்கள். நம் ஊரில் அந்த வழி இல்லை.

இனி உங்கள் முன்னால் வரப்போகும் ஆட்களைப் பற்றி. "டெல்லியில் ஆள் இருக்கிறார், பொதுச் சின்னம் (கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னம்) வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பதிவுபெற்ற கட்சி பொதுச் சின்னம் கேட்க, சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்து சதவீதத்திலாவது நிற்க வேண்டும். 234-க்குக் கணக்குப் போட்டால் 12 தொகுதி. ஒரு தொகுதிக்கு யார் போனாலும் கிடைக்காது. இன்னொருவர், கட்சிக் கணக்கில் நன்கொடை போடுகிறேன், கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள் என்பார். வருமான வரித்துறை கதவைத் தட்டும்போது அவர் இருக்க மாட்டார், நீங்கள் இருப்பீர்கள்.

நான் சொல்லும் வழி, தனிச் சின்னம். அதாவது, ஆணையத்தின் பட்டியலில் யாருக்கும் ஒதுக்காமல் இருக்கும் சின்னம் ஒன்றில் உங்கள் கட்சிப் பெயரிலேயே நிற்பது. 2024 மக்களவைத் தேர்தலில் மதிமுக ஒரே தொகுதியில் நின்றதால் பம்பரம் கிடைக்கவில்லை. திருச்சியில் தீப்பெட்டியில் நின்று மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கூட்டணிக் கட்சிகள் வீடுவீடாகப் போனால் புதுச் சின்னமும் மனதில் நிற்கும். ஆனால் வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகு வாக்குப்பதிவு வரை இரண்டு வாரம்தான் உறுதி, அதையும் மனதில் வையுங்கள்.

தனிச் சின்னத்தில் சிறு கட்சிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டியலிலிருந்து மூன்று சின்னங்களை வரிசையாக எழுதிக் கொடுக்கிறீர்கள். அதே சின்னத்தைச் சுயேச்சைகளும் கேட்டால், பதிவுபெற்ற கட்சியின் வேட்பாளர் என்ற முறையில் உங்களுக்கே முன்னுரிமை. இன்னொரு பதிவுபெற்ற கட்சியும் கேட்டால் குலுக்கல். ஆனால் அந்த முன்னுரிமை கிடைக்க, உங்கள் கட்சியின் 'ஏ', 'பி' படிவங்களை மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும். "நமக்குத்தான் அங்கீகாரம் இல்லையே, படிவம் எதற்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் நீங்களும் சுயேச்சைதான். கட்சி போட்டியிட்ட பதிவும் போச்சு, இரவல் சின்னத்தில் நின்றதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். கையெழுத்து மையில் இருக்க வேண்டும். நகல் கையெழுத்து, ரப்பர் முத்திரை எதுவும் செல்லாது.

அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். ஒரு மனு பரிசீலனையில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சங்கத்து ஆட்கள்தானே என்று பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர், அடுத்த தொகுதி. அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் நிறுத்தினார். ஐந்து வருட உழைப்பு அங்கேயே முடிந்தது.

கூடுதலாகச் சிலரைச் சேர்த்துப் பதினைந்து பேரைப் பிடியுங்கள். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் இறுதி வாக்காளர் பட்டியலில் நீங்களே பாருங்கள். கைநாட்டு வைப்பவர் இருந்தால் அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும், அவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.