எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி வாழ்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாதா? கிறிஸ்தவர்கள் அந்த நம்பிக்கையை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?

ஆகும், என் விஷயத்தில் ஆகியும் இருக்கிறது. ஆகவே மற்றவர்களின் தவறுகளைத் தேடிப் போகாமல் என்னுடையதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் சிறிய ஆஃப்செட் அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். வீடு சைதாப்பேட்டையில், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். ஆண்டு முழுவதும் திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், மருந்துக் கம்பெனிகளின் துண்டறிக்கை என்று போகும் வேலை, நவம்பர் வந்துவிட்டால் வாக்குத்தத்த அட்டைகளின் பக்கம் திரும்பிவிடும். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின்போது, வரப்போகும் ஆண்டுக்கென்று வேத வசனம் ஒன்று அச்சிட்ட சிறிய அட்டையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் சபைகள் பலவற்றில் உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வேதாகமத்துக்குள்ளோ பீரோ கண்ணாடியிலோ வைத்துக்கொள்வார்கள்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டில், அச்சகத்தின் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. மனைவி இரண்டு முறை நினைவுபடுத்தினார். இரண்டாவது முறை, "இத்தனை வருஷம் கர்த்தர் நம்மைக் காப்பாத்தலையா?" என்று கேட்டு அவருடைய வாயை அடைத்தேன். உண்மை என்னவென்றால், பிரீமியத்துக்கென்று வைத்திருந்த பணத்தை வேறொரு செலவுக்குத் திருப்பியிருந்தேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கர்த்தரை முன்னே நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். "உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்ற கட்டளையை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, கடவுள்மேல் ஆணையிடக் கூடாது என்பது மட்டுமே அதன் பொருள் என்று நினைத்திருந்தேன். என் சோம்பலுக்கு அவருடைய பெயரை ஒட்டுவதும் அதில் அடங்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை இரவு, செம்பரம்பாக்கம் ஏரியின் நீரும் மழைநீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. எங்கள் தெருவுக்குள் போகவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஷட்டரைத் தூக்கியபோது சேறும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. அச்சு முடிந்து, வெட்டிக் கட்டி வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகள் சுவரோரம் கிடந்தன. ஆர்ட் கார்டு நனைந்தால் அதன் மேற்பூச்சு இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்தபின் செங்கல்லைப் போல இறுகிவிடும். பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். நான் கையில் எடுத்த கட்டில், "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்ற ஏசாயாவின் வசனம் பாதி உரிந்த நிலையில் இருந்தது. இதை உருக்கத்துக்காக எழுதவில்லை. அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது, அது நல்ல சிரிப்பு அல்ல. அங்கே நின்றுகொண்டிருந்த அரை மணி நேரத்தில் எனக்குள் விசுவாசம் எதுவும் பொங்கவில்லை. இழுப்பறையில் கிடந்த அந்தக் கடிதம்தான் கண்முன் வந்து நின்றது.

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதாலோ என்னவோ, அந்த வாரம் முழுவதும் எனக்கு வேப்பேரி பப்ரிசியுஸ் ஐயரின் நினைவு வந்துகொண்டே இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து, 18ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்னையில் மிஷனரியாக ஊழியம் செய்தவர் அவர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவருடைய பொறுப்பில் விடப்பட்டது. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் அங்கேதான் அச்சாயிற்று. வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்க அவர் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்த பொறுமையைப் படித்தவர்கள் இன்றும் வியக்கிறார்கள். அப்படிப்பட்டவர், பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து, அது திரும்பாமல் போய், முதுமையில் கடனுக்காகச் சிறை செல்ல நேர்ந்தது. அவருடைய பக்தியை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சொல்லைப் பற்றி அவ்வளவு கவனமாக இருந்தவர் கணக்கிலும் அதே கவனத்தோடு இருந்திருந்தால் எத்தனை பேருடைய சேமிப்பு தப்பியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விசுவாசம், பொறுப்பு என்ற இந்த இரண்டையும் வேதாகமமே எதிரெதிராக வைக்கவில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நெகேமியா, ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகப் பெய்த மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழு பிடித்து நாறியது என்ற பகுதியைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தில், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்துவைக்கச் சொன்னவரும் அதே கர்த்தர்தான். அந்தச் சொல்லைக் கேளாமல், மறுநாள் வெளியே போய்த் தேடியவர்கள் எதையும் காணவில்லை. அவர்களுடைய வரிசையில்தான் நான் நின்றிருந்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு எப்படி மீண்டீர்கள் என்று கேட்டால், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டர்சன் தெருவில் எனக்குக் காகிதம் தரும் பாய், பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "தாளை எடுத்துட்டுப் போங்க அண்ணே, பணம் வரும்போது வரட்டும்" என்று ஏற்றி அனுப்பினார். ராயப்பேட்டையில் ஒரு நண்பர் தம் மெஷினை இரவு நேரத்துக்கு மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தார். அட்டைகள் 30ஆம் தேதி சபைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கர்த்தர் என்னை விசாரித்தார் என்று நான் சொல்வது அந்த இருவரை நினைத்துத்தான். அவர்களில் ஒருவர் தொழுவது மசூதியில், மற்றவர் கும்பிடுவது வடபழனி முருகனை. புது மெஷினுக்காக வாங்கிய கடனை 2021 வரை மாதம் தவறாமல் கட்டினேன். அதில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை.

இனி, அன்றாடம் எப்படி என்ற இரண்டாம் பகுதி. காலையில் வேதாகமத்தில் ஓர் அதிகாரம், பத்து நிமிட ஜெபம், இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். இதைப் பற்றி விவரிக்க அதிகம் இல்லை; சில நாள் மனம் ஒன்றும், பல நாள் காகித விலை குறுக்கே ஓடும். என் விசுவாசம் சோதிக்கப்படும் இடம் ஷட்டரைத் திறந்த பிறகுதான் வருகிறது.

எங்களிடம் சனிக்கிழமை வாரக் கூலி. பல ஆண்டுகளாக எனக்கு ஒரு பழக்கம் இருந்தது: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகக் கவரை மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் போட்டுவிடுவேன், ஆனால் கை கடிக்கும் வாரங்களில் பைண்டிங் பெண்களின் கூலியைத் திங்கள், செவ்வாய் என்று தள்ளிவிடுவேன். அவர்களும் எதுவும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, மேசையில் இருந்த காணிக்கைக் கவருக்குள் நான் நோட்டுகளை எண்ணி வைப்பதைப் பார்த்துக்கொண்டே அழைப்பிதழ்களை மடித்துக்கொண்டிருந்த மூத்த அக்கா, கையை நிறுத்தாமல், "அந்தக் கவர்ல எங்க காசும் இருக்குதா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டதைப் போல இருந்தது. நான் கவரைப் பிரித்தேன். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமத்தில் இருப்பதை வேதாகமத்தை வாசித்தே பார்த்திராத ஒருவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமை ஆறு மணிக்குக் கூலி கொடுத்த பிறகு மீதி இருப்பதிலிருந்துதான் காணிக்கை. இதை எங்கள் ஆயரிடம் சொன்னபோது, அவர் மறுப்புச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

இந்த இடத்தில் என் தொழில் தந்த ஒரு சிறிய ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டைகளுக்காகச் சபைகள் அனுப்பும் வசனப் பட்டியலில் ஏறக்குறைய எப்போதும் எரேமியா 29:11 இருக்கும்: அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் வசனம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதத்தில் அது வருகிறது என்பதும், அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற தவணை இருக்கிறது என்பதும், அதற்கும் முன்னால் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வேலைப் பட்டியலே இருக்கிறது என்பதும் அட்டையில் இடம்பெறுவதில்லை. வேலைக்காரருடைய பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபு 5:4ஐ அச்சிடச் சொல்லி இதுவரை ஒரு சபையும் கேட்டதில்லை. நானாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆர்டர் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு.

கூலி விஷயத்தைவிடக் கடினமாக இருந்தது கொட்டேஷன் விஷயம். அச்சு வேலை கொடுக்கும் நிறுவனங்கள் பலவற்றில் மூன்று அச்சகங்களிடம் விலை கேட்கவேண்டும் என்று விதி இருக்கும். நடைமுறையில், வேலை யாருக்கு என்று முடிவான பிறகு, "மத்த ரெண்டையும் நீங்களே குடுத்துடுங்க சார்" என்பார்கள். நண்பர்களின் லெட்டர்பேடு சில தாள்கள் எங்களில் பலரிடம் இருக்கும். என்னுடையது அவர்களிடம் இருக்கும். என் விலையைவிடக் கூட்டி எழுதி, வேறு பேனாவால் வேறு கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அது தவறு என்று தோன்றியதே இல்லை. எல்லோரும் செய்வது, யாருடைய பணமும் திருட்டுப் போகவில்லை என்று ஒரு கணக்கு. கல்லூரி விடுமுறையில் உதவிக்கு வந்திருந்த மகள் ஒருநாள் அருகில் நின்று பார்த்துவிட்டு, "இது அந்த அங்கிள் கையெழுத்தாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாள்களை மறுவாரம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நண்பர், "என்ன, பாஸ்டர் ஆயிட்டியா?" என்று கேட்டார்.

இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள். சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்த இடத்தில், "ஆனால் கர்த்தர் அதைவிடப் பெரிய ஆர்டரைக் கொடுத்தார், ஸ்தோத்திரம்" என்று வரவேண்டும். எனக்கு வரவில்லை. அந்த ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சீட்டை நஷ்டத்தில் தள்ளி எடுத்தேன். அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது தானியேலின் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளையின் முன் நின்ற மூன்று பேர் சொன்ன ஒரு சொல்: "விடுவிக்காமற்போனாலும்." எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, உடனே அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். விசுவாசம் என்பதற்கு நான் இன்று கொண்டிருக்கும் பொருள் ஏறக்குறைய அதுதான். சரியானதைச் செய்தால் நஷ்டம் வரலாம், வந்தபின்னும் நான் கைவிடப்பட்டவன் அல்ல என்று கொள்வது. அப்படிக் கொள்வதால் அந்த நஷ்டத்தைக் கண்டு பொய்க் கையெழுத்துப் போடும் அளவுக்கு நடுங்காமல் இருப்பது. காப்பீட்டுக் கடிதத்தை இழுப்பறையில் போட்டபோது என்னிடம் இருந்ததற்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருப்பதுதான் உங்கள் கேள்வியில் உள்ள குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டதால் நான் தேறிவிட்டேன் என்று எண்ணிவிடவேண்டாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை அச்சகக்காரர்களும் தையல்காரர்களும் அனுசரிப்பது எவ்வளவு கடினம் என்பது "நாளைக்கு ரெடி" என்ற சொல்லை நம்பி அலைந்தவர்களுக்குத் தெரியும். போன வியாழக்கிழமை ஒரு பெண்ணின் தகப்பனார், திருமண அழைப்பிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டு போன் செய்தார். வெள்ளிக்கிழமை மாலை என்று சொல்லி வைத்துவிட்டேன். அட்டையே இன்னும் வந்து சேரவில்லை. பத்து நிமிடம் கழித்து நானே அவரை அழைத்து, வெள்ளிக்கிழமை முடியாது, திங்கட்கிழமைதான் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, முகூர்த்தம் நெருங்குகிறது, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கொடுத்திருந்த முன்பணம் 2,000 ரூபாயைச் சனிக்கிழமை காலை மேற்கு மாம்பலத்தில் அவருடைய வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்; சாப்பிட்டேன்.