பம்புக்கு 38 டொலர் என்றால் நம்பமாட்டார்களா?

கேள்வி: சீனாவில் இருந்து 120 நீர்ப்பம்பு எடுத்தேன், ஒன்று 38 டொலர். விலையைக் குறைத்துக் காட்டியதாகக் கொழும்பில் சுங்கம் மறித்து வைத்திருக்கிறது. 55 டொலர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் விடுவார்கள் என்கிறார், சுங்கத்தில் சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஆள். ஏஜெண்டுக்கு 400 டொலர் தனியாக அனுப்பினேன், அது பில்லில் இல்லை. கையெழுத்து வைக்கவா? - வாசகர், பரந்தன்

பதில்: பொறுங்கள் தம்பி, பேனையை மூடி வையுங்கள். 55 என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், 38 பொய் என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பட்டியலோடு லொறியில் காத்துக் கிடந்த எங்கள் ஆட்களுக்கு, சரக்கு வந்தால் போதும் என்று கையெழுத்து வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காக, அதாவது சரக்கை விடுவிக்கும் எழுத்தராக, இருந்த காலத்தில் நானும் அப்படி வைக்கச் சொன்னவன்தான்.

முதலில், சந்தேகத்தில் நிறுத்தியிருக்கிறார்களா, கைப்பற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் பறிமுதல் செய்யலாம், ஆனால் அது பொய்யான பெறுமதிக்கு. மலிவாக வாங்கியது பொய்யாகாது. கைப்பற்றியிருந்தால் ஒரு மாதத்துக்குள் உரிமை கோரி எழுத்தில் அறிவித்துப் பிணையும் வைக்க வேண்டும் (154ஆம் பிரிவு). அதைத் தவறவிட்டால் சரக்குப் போய்விடும்.

சந்தேகம் மட்டும் என்றால், அதே சட்டத்தின் 2003 திருத்தத்தோடு வந்த, பெறுமதி கணிக்கும் உலக வர்த்தக அமைப்பின் விதிகள் உங்கள் பக்கம். நீங்கள் உண்மையில் கொடுத்த விலையே முதல் அடிப்படை. அதை ஏற்காவிட்டால்தான் அதே மாதிரிச் சரக்கை ஒப்பிட வேண்டும், அதுவும் ஏறக்குறைய அதே காலத்தில், அதே அளவு வியாபாரத்தில் வந்ததாக இருக்க வேண்டும். பத்துப் பம்பு எடுத்தவரின் 55 டொலரை 120 எடுத்தவர் மேல் அப்படியே ஏற்ற முடியாது. எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முடிவு இழுபட்டால், உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுக்கவும் அந்த விதிகளில் வழி உண்டு. வங்கியில் பணம் அனுப்பிய சிட்டையும் விலை பேசிய வட்ஸ்அப் செய்திகளும் கையில் இருக்கட்டும்.

இனி அந்த 400 டொலர். எனக்கு உறுத்துவது அதுதான். விற்பவரின் ஏஜெண்டுக்குக் கொடுத்த கொமிஷன் என்றால், சுங்கம் வரிக்குக் கணக்கிடும் பெறுமதியில் சேரும். உங்களுக்காகச் சரக்குத் தேடித் தந்தவருக்கு நீங்கள் கொடுத்தது என்றால் சேராது. சேர வேண்டிய பணத்தை மறைத்தது பிறகு தெரிந்தால், 38 டொலரையும் நம்பமாட்டார்கள். அவர் யாருடைய ஆள் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வாங்கி, சட்டத்தரணி ஒருவரோடு போய் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.