கச்சான் காற்றுக்கு எந்த விஞ்ச்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 22 அடி பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கி, தூத்துக்குடியில் நிறுத்தியிருக்கிறோம். முன்பாய் 14 சதுர மீட்டர். இப்போது இருப்பது 6-ம் எண் விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி). ஆனி, ஆடிக் காற்றில் தாமான் கயிற்றை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) கடைசி ஒரு முழம் இழுப்பதற்குள் கை கழன்றுவிடுகிறது. விற்பவர் 30-ம் எண் செல்ஃப் டெய்லிங் (கயிற்றின் நுனியைத் தானே கவ்விக்கொள்ளும்) ஜோடி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: 30 வேண்டாம். உங்கள் படகுக்கு 15 அல்லது 16 போதும். அதையும் வாங்குவதற்கு முன் கைப்பிடியை அளந்து பாருங்கள்.

விஞ்சின் எண் என்பது பெரும்பாலும் அதன் இழுவைப் பெருக்கம்தான். கைப்பிடியின் நீளத்தைக் கயிறு சுற்றும் டிரம்மின் ஆரத்தால் வகுத்து, பல்சக்கர விகிதத்தால் பெருக்கினால் அந்த எண் வரும். இந்தக் கணக்கைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக 250 மி.மீ. கைப்பிடிக்குப் போடுகிறார்கள். பழைய சிறு படகுகளில் 200 மி.மீ. கைப்பிடிதான் அதிகம் கிடக்கிறது. உங்களிடமும் அதுதான் என்றால், 6 என்று நினைத்துச் சுற்றுவது உண்மையில் 4.8. கைப்பிடி பொருந்தும் எண்முனைக் குழி பெரும்பாலான பிராண்டுகளில் ஒரே அளவு என்பதால், நீளமான கைப்பிடியை மட்டும் தனியாக வாங்கலாம். அது கம்பித் தடுப்பில் இடிக்காமல் முழு வட்டம் சுற்றுகிறதா என்று ஒரு குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி சுமை. பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் இருமுறை பெருக்கி, 0.021-ஆல் பெருக்கினால், தாமான் கயிற்றில் வரும் இழுவை ஏறத்தாழ கிலோவில் கிடைக்கும். உங்கள் பாய்க்கு 10 நாட் காற்றில் 29 கிலோ. 20 நாட்டில் 117 கிலோ. காற்று இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. மார்கழியில் சுலபமாகச் சுற்றிய விஞ்ச் ஆடியில் அசையாததற்குக் காரணம் இதுதான். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வந்து பணகுடி, காவல்கிணறு காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்றான கச்சான்தான் உங்கள் பாயிலும் அடிக்கிறது. இந்தக் கரையில் 20 நாட்டுக்குக் குறைவாக வைத்து விஞ்ச் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதற்கு மேல் அடித்தால் பாயைக் குறைப்பதுதான் வழி, விஞ்சைப் பெரிதாக்குவது அல்ல.

விஞ்சுக்குள் உராய்விலேயே மூன்றில் ஒரு பங்கு போகும் என்று வையுங்கள். 117 கிலோவை 6-ம் எண்ணில் சுற்றக் கையில் 30 கிலோ அழுத்தம் வேண்டும். 16-ல் 11 கிலோ. உட்கார்ந்தபடி ஒரு கையால் சுற்ற 11 கிலோ தாராளம். 30-ல் 6 கிலோதான் ஆகும், ஆனால் அதற்காக அதிக விலை கொடுத்து, உங்கள் படகின் ஓர விளிம்பில் உட்காராத அகலத்தில் அடித்தட்டையும் வாங்குவீர்கள். பெருக்கம் கூடினால் ஒரு சுற்றுக்கு வரும் கயிறும் குறையும். திரும்பும்போது பாய் படபடக்கிற இரண்டு மூன்று விநாடிக்குள் கயிற்றில் பெரும்பகுதியைக் கையாலேயே இழுத்துவிட வேண்டும், விஞ்ச் கடைசி முழத்துக்குத்தான்.

செல்ஃப் டெய்லிங் வசதிக்குப் பணம் கொடுக்கலாம், தப்பில்லை. சுக்கானைப் பிடிப்பவரே கயிற்றையும் பார்க்க வேண்டிய படகில் ஒரு கை மிச்சமாகிறது. ஆனால் மேலே உள்ள கவ்வி எந்தத் தடிமன் கயிற்றைப் பிடிக்கும் என்று பாருங்கள். 8 முதல் 12 மி.மீ. என்று போட்டிருந்து உங்கள் கயிறு 7 ஆக இருந்தால் வழுக்கும்.

பொருத்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கயிறு டிரம்முக்குக் கீழிருந்து 3 முதல் 8 டிகிரி சாய்வில் ஏறி வர வேண்டும். நேராகவோ மேலிருந்தோ வந்தால் ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறி இறுகிக்கொள்ளும். பலத்த காற்றில் அதைக் கத்தியால் அறுப்பதைத் தவிர வழியிருக்காது. சாய்வு போதவில்லை என்றால் விஞ்சுக்கு அடியில் ஆப்பு வடிவக் கட்டை கொடுங்கள், அல்லது முந்தைய கப்பியைத் தாழ்த்துங்கள்.

போல்ட் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். டெக்குக்கு அடியில் 10 மி.மீ. கண்ணாடியிழைத் தகடும் அகல வாசரும் கட்டாயம். டெக்கின் நடுவில் மரம் இருந்தால் முதலில் 12 மி.மீ. துளை போட்டு எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் 6 மி.மீ. துளையிடுங்கள். இல்லாவிட்டால் போல்ட் வழியே நீர் இறங்கி உள்மரம் ஊறிப்போகும். பாலிசல்ஃபைட் பசை பூசுங்கள், சிலிக்கான் வேண்டாம். அது பிடிப்பு விட்டபின் அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. விஞ்சின் அடித்தட்டில் நீர் வடியும் துளையைப் பசை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய விஞ்ச் சுற்றும்போது சில நேரம் கைப்பிடி பின்னால் உதறுகிறது. புதிது வாங்க வேண்டுமா?
- திசையன்விளை வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். ஆனால் அது சரியாகும்வரை அந்த விஞ்சைத் தொடாதீர்கள். உதறும் கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். பின்னால் சுழலாமல் தடுக்கும் ராட்செட் நாக்கு பல்லில் விழவில்லை என்பதே அந்த உதறலின் பொருள். பெரும்பாலும் காரணம் கிரீஸ். சேவை செய்கிறேன் என்று உள்ளே கிரீஸை அப்பிவிடுகிறார்கள். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பறக்கும் தேரி மணல் அதில் ஒட்டிப் பிசினாகி, நாக்கை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஓர் அட்டைப் பெட்டியின் அடியில் விஞ்ச் நுழையுமளவு ஓட்டை வெட்டிக் கவிழ்க்காமல் மாட்டுங்கள். தெறிக்கும் ஸ்பிரிங் கடலுக்குப் போகாமல் பெட்டிக்குள் விழும். மேல் லாக்கை எடுத்து டிரம்மை மெதுவாகத் தூக்குங்கள். பேரிங் வளையம் டிரம்முக்குள்ளேயே ஒட்டி வந்து நழுவி விழும், ஒரு கை அடியில் இருக்கட்டும். ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், நாக்கை விரலால் அழுத்தி விடுங்கள். ‘டக்’கென்று தானாகத் திரும்ப வேண்டும். தயங்கினால் ஸ்பிரிங் மாற்றுங்கள். நாக்கின் விளிம்பு மழுங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள், மாற்றினால் எல்லா நாக்கையும் ஒருசேர. பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் மெல்லிய பூச்சாக விஞ்ச் கிரீஸ். நாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் மட்டும், கிரீஸ் கூடவே கூடாது.

லூமார், ஹார்க்கன், ஆண்டர்சன் போன்றவற்றுக்கு நாக்கும் ஸ்பிரிங்கும் தனிப் பொட்டலமாகக் கிடைக்கின்றன. பெயரே இல்லாத மலிவு விஞ்சுக்குக் கிடைக்காது. வாங்கும்போதே யோசிக்க வேண்டிய வித்தியாசம் இது.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஃபைபர் வள்ளம் எஞ்சினோட 800 கிலோ வரும். கரையேத்த ஆள் கிடைக்க மாட்டேங்குது. பாய்ப்படகுல கழட்டுன 40-ம் நம்பர் விஞ்ச் மலிவா வருது. அத ஊன்றி வச்சு இழுக்கலாமா?
- உவரி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. வெறும் மணலில் 800 கிலோவை இழுக்கப் பாதி எடை, 400 கிலோ வேண்டும். எட்டடிக்கு ஓரடி ஏற்றமென்றால் இன்னும் 100. மொத்தம் 500 கிலோ. 40-ம் எண்ணில் கைக்கு 19 கிலோ வரும், அது கஷ்டம்தான் என்றாலும் முடியும். ஆனால் ஒரு சுற்றுக்கு 4 செ.மீ.தான் வரும். 30 மீட்டர் ஏற்ற 750 சுற்று. தினமும் யார் சுற்றுவது?

முதலில் சுமையைக் குறையுங்கள். இரண்டு வரிசை பலகை போட்டு, மேலே பனந்தடி உருளைகள் வைத்தால் உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்காக, 80 கிலோவாக இறங்கும். அப்போது ஏற்றத்தையும் சேர்த்து 180 கிலோ போதும். அதற்கு பிரேக் உள்ள கை விஞ்ச் வாங்குங்கள். கையை விட்டாலும் அப்படியே நிற்கும். எழுதியிருக்கும் தாங்குதிறன் டிரம்மில் முதல் அடுக்குக் கயிற்றுக்குத்தான், அடுக்கு ஏற ஏறக் குறையும். அதனால் 500 கிலோவுக்குக் குறையாமல் எடுங்கள். விஞ்சைக் கட்டும் தடியை மணலுக்குள் நான்கடி ஆழத்தில் குறுக்காகப் புதையுங்கள், செங்குத்தாக நட்டால் பிடுங்கிக்கொள்ளும். இழுக்கும்போது கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். நாலைந்து வள்ளம் சேர்ந்தால் ஒரு எஞ்சின் விஞ்சோ டிராக்டரோதான் லாபம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய விஞ்சில் பல்சக்கரம் உடைந்தே வந்தது. விற்றவர் மாற்றித்தர மறுக்கிறார்.
- வள்ளியூர் வாசகர்

பதில்: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. பில், பொட்டலத்தின் மேலுள்ள முகவரிச் சீட்டு, உடைந்த பல்லின் கிட்டப் படம், விற்றவர் மறுத்து எழுதிய செய்தி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அந்தச் சக்கரத்தை நீங்களே வெல்டிங் வைத்துப் பார்க்காதீர்கள். வைத்தால் உடைத்தது நீங்கள்தான் என்று வாதிட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.