லினக்ஸ் அல்லாத சிஸ்டங்களை மலிவு விபிஎஸ்ஸில் ஓட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: மாதம் 300 ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்திருக்கிறேன் அண்ணா. கன்ட்ரோல் பேனலில் உபுண்டு, டெபியன் மட்டும்தான் இருக்கின்றன. லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழியில் வந்த ஓபன்பிஎஸ்டி போட முடியுமா?

பதில்: அது எந்த வகை விபிஎஸ் என்று முதலில் பாருங்கள். இப்போது இருக்கிற லினக்ஸுக்குள் போய் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்று அடித்தால் ஒரே சொல்லில் பதில் வரும். கேவிஎம் (தனி கணினி போலவே நடக்கும் வகை) என்று வந்தால் முடியும். ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி என்று வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவை கன்டெய்னர்கள். ஓடுவது ஹோஸ்டின், அதாவது உங்கள் விபிஎஸ்ஸைத் தாங்கும் நிஜ சர்வரின், லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி). வேறு கெர்னலை ஏற்ற அங்கே இடமே இல்லை.

அடுத்தது விஎன்சி கன்சோல், அதாவது நெட்வொர்க் போனாலும் பேனல் வழியாக சர்வரின் திரையைக் காட்டும் வசதி. அது இல்லாத விபிஎஸ் இலவசமாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். ஒரு தவறான நெட்வொர்க் வரி போதும், எஸ்எஸ்ஹெச் போய்விடும். திரும்ப உள்ளே நுழைய வேறு கதவு இருக்காது.

கேள்வி: கேவிஎம்தான், கன்சோலும் இருக்கிறது. ஆனால் சொந்த ஐஎஸ்ஓ ஏற்றும் வசதி இல்லை.

பதில்: ஐஎஸ்ஓ தேவையில்லை. ஓபன்பிஎஸ்டியின் மினிரூட் இமேஜை (இன்ஸ்டாலர் மட்டும் உள்ள சிறிய கோப்பு) நேராக டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டு ரீபூட் செய்தால் இன்ஸ்டாலர் தானே எழும். அந்த இன்ஸ்டாலர் கெர்னல் முழுவதும் ரேமுக்குள் ஏறிவிடுவதால், தான் கிளம்பிவந்த டிஸ்க்கையே அழித்து அதன்மேல் சிஸ்டத்தை நிறுவும்.

தொடங்கும் முன் ஐபி, நெட்மாஸ்க், கேட்வே மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரெஸ்க்யூ மோட் (டிஸ்க்கைத் தொடாமல் தனியாக ஓடும் தற்காலிக லினக்ஸ்) இருந்தால் அதில் பூட் செய்து எழுதுவதே நல்லது. இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்தே செய்யலாம். மினிரூட் இமேஜை டெவ் டைரக்டரிக்குள் உள்ள எஸ்ஹெச்எம்-இல் இறக்குங்கள், அது ரேம். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று எஸ்ஹெச்ஏ256 சரிபாருங்கள். எல்எஸ்பிஎல்கே அடித்து டிஸ்க்கின் பெயரைப் பாருங்கள், பெரும்பாலும் விடிஏ. பிறகு டிடி கட்டளையால் முழு டிஸ்க்குக்கு எழுதுங்கள். விடிஏ1 போன்ற பார்ட்டிஷனுக்கு அல்ல.

எழுதி முடித்ததும் ரீபூட் கட்டளையை நம்பாதீர்கள். அந்தப் புரோகிராம் இருந்த ஃபைல்சிஸ்டத்தைத்தான் இப்போது சிதைத்திருக்கிறீர்கள். எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, அதற்கு டிஸ்க் வேண்டாம். ப்ராக் டைரக்டரியில் உள்ள சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் ஃபைலுக்கு எக்கோவால் 'பி' (b) என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தை அனுப்பினால் அந்த நொடியே ரீசெட் ஆகும். பேனலிலிருந்து ரீசெட் கொடுத்தாலும் சரிதான்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மினிரூட்டுக்குப் பதில் பெரிய இன்ஸ்டால் இமேஜை எழுதிவிட்டு, செட்களை (சிஸ்டத்தின் கோப்புத் தொகுப்புகளை) டிஸ்க்கிலிருந்து எடு என்று இன்ஸ்டாலரிடம் சொல்வார்கள். அதற்குள் அந்த டிஸ்க் புதிதாகப் பிரிக்கப்பட்டுவிட்டது, செட்கள் எங்கிருந்து வரும்? எந்த இமேஜ் ஆனாலும் செட்களுக்கு ஹெச்டிடிபி என்றே பதில் கொடுங்கள்.

கேள்வி: 10 ஜிபி டிஸ்க்தான். இன்ஸ்டாலர் தானே டிஸ்க்கைப் பிரித்துக் காட்டும் ஆட்டோ லேஅவுட்டை அப்படியே ஏற்கலாமா?

பதில்: வேண்டாம். சிறிய டிஸ்க்கில் யூஎஸ்ஆர் பார்ட்டிஷன் சீக்கிரம் நிரம்பும். ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலைப் புதிய வரிசையில் இணைத்து எழுதும் வழக்கம் 6.2-இல் வந்தது, அதற்கான கோப்புகள் யூஎஸ்ஆருக்குள்தான் இருக்கின்றன. பதிப்பை உயர்த்தும் சிஸ்அப்கிரேட் கட்டளை புது செட்களை ஹோமுக்குள் இறக்குகிறது, ஆகவே ஹோமிலும் 1 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். 10 ஜிபியில் நான் பரிந்துரைப்பது, ஜிபி கணக்கில்: ரூட் 1, ஸ்வாப் அரை, யூஎஸ்ஆர் 3, யூஎஸ்ஆர்-லோக்கல் 2, வார் ஒன்றரை, மீதி ஹோம். எக்ஸ் செட்களை (வரைகலைத் திரைக்கானவை) விட்டுவிட நினைத்தால் யோசியுங்கள். சில பேக்கேஜ்கள் அவற்றின் லைப்ரரிகளைக் கேட்டு நிற்கும்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டிக்கும் இதே முறைதானா?

பதில்: அதற்குச் சுருக்கமான வழி இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி குழுவே ரா வடிவில் விஎம் இமேஜ் தருகிறது. ரெஸ்க்யூ மோடில் இருந்துகொண்டு டபிள்யூகெட், எக்ஸ்இசட், டிடி மூன்றையும் பைப்பால் இணைத்து, இறக்க இறக்க விரித்து டிஸ்க்கில் எழுதுங்கள். இன்ஸ்டாலர் கிடையாது, முதல் பூட்டில் ரூட் பார்ட்டிஷன் டிஸ்க் அளவுக்குத் தானே வளரும். சாதாரண இமேஜில் ரூட் யூசருக்குப் பாஸ்வேர்ட் இல்லை, எஸ்எஸ்ஹெச் சர்வரும் அணைந்திருக்கும். இரண்டையும் கன்சோலில்தான் சரிசெய்ய வேண்டும், பாஸ்வேர்ட் முதலில். 1 ஜிபி ரேமுக்குக் கீழே என்றால் இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள இமேஜை எடுக்காதீர்கள், யூஎஃப்எஸ் போதும்.

கேள்வி: ஓபன்பிஎஸ்டி ஏறிவிட்டது. ஆனால் கேட்வே என் சப்நெட்டிலேயே இல்லை, 'நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை' என்கிறது. ஐபி 203.0.113.5, மாஸ்க் நான்கும் 255, கேட்வே 172.31.1.1.

பதில்: மலிவு விபிஎஸ்களில் இது சகஜம். லினக்ஸில் ஆன்லிங்க் என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும், பேனலில் வரும் டெம்ப்ளேட்டில் அது ஏற்கெனவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஓபன்பிஎஸ்டியில் அதை இரண்டு அடியாகச் சொல்ல வேண்டும்: கேட்வே இந்த இன்டர்ஃபேஸிலேயே நேராக இருக்கிறது என்று அதற்கு மட்டும் ஒரு ரூட் (பாதை), பிறகு அதன் வழியாக டிஃபால்ட் ரூட். ஹோஸ்ட்நேம்.விஐஓ0 ஃபைலில் (விஐஓ0 என்பது நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயர்) ஐபி வரிக்குக் கீழே, ஆச்சரியக்குறியில் தொடங்கும் இரண்டு ரூட்-ஆட் வரிகளாக எழுதுங்கள். முதல் வரியில் லிங்க், ஐஃபேஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களும் விஐஓ0 பெயரும் வர வேண்டும். வரிசை மாறினால் வேலை செய்யாது.

ஐபிவி6 கேட்வே லிங்க்-லோக்கல் முகவரியாக இருந்தால், கேட்வேயைக் குறிக்கும் மைகேட் ஃபைலில் அதன் பின்னால் சதவீதக் குறியும் விஐஓ0 என்ற பெயரும் சேர்க்க வேண்டும். ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்பில் எல்லாவற்றையும் தடுத்து எழுதுகிறவர்கள் ஐசிஎம்பி6-ஐ மட்டும் விட்டுவையுங்கள்; அண்டைக் கருவியைக் கண்டுபிடிப்பதே அதன் வழியாகத்தான்.

கேள்வி: நெட்பிஎஸ்டி 9 இன்ஸ்டாலர் ஓடுகிறது, டிஸ்க்கே தெரியவில்லை.

பதில்: உங்கள் ஹோஸ்ட் க்யூ35 வகை மெஷின் கொடுத்து, விர்ட்ஐஓ 1.0 (மெய்நிகர் டிஸ்க், நெட்வொர்க் கருவிகளோடு பேசும் முறை) மட்டும் பேசுகிறது. 9-க்கு அது புரியாது. 2024-இல் வந்த 10.0 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள், டிஸ்க் எல்டி0 என்று தெரியும்.

கேள்வி: ஹோஸ்ட் திடீரென்று ரீபூட் ஆனால் என் ஓபன்பிஎஸ்டி மேலே வருவதில்லை. ஏன்?

பதில்: அதன் ஃபைல்சிஸ்டத்தில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. சேதம் அதிகமென்றால் ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே-யை நீங்களே ஓட்டச் சொல்லி சிங்கிள் யூசரில் நின்றுவிடும். கன்சோலில் ஒய் ஆப்ஷனோடு ஓட்டிவிட்டு வெளியே வாருங்கள். எழுத்துவேலை அதிகமுள்ள சர்வருக்கு நெட்பிஎஸ்டி எடுத்து, எஃப்எஸ்டேபில் லாக் ஆப்ஷன் சேர்ப்பது இன்னும் நிம்மதி.

கேள்வி: 9ஃப்ரன்ட் ஓட்டுகிறவர்கள் உண்டா சார்? 512 எம்பி போதுமா?

பதில்: தாராளம். பிளான் 9 வழியில் வந்த இந்த சிஸ்டம் கேவிஎம்மில் நன்றாக ஓடும். சிறிய டிஸ்க்குக்கு இன்ஸ்டாலரில் ஹெச்ஜேஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சிரமம் அதன் பிறகுதான். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகிற சிஸ்டம் அல்ல இது. அதனோடு இணைய உங்கள் கணினியில் ட்ராடெர்ம் என்ற புரோகிராம் வேண்டும். பிளான்9.இனி ஃபைலில் சர்வீஸ் என்பதற்கு சிபியூ என்று கொடுங்கள். பூட்ஆர்க்ஸ் என்றிருப்பதை நோபூட்ப்ராம்ப்ட் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீபூட்டிலும் கன்சோலில் என்டர் அடிக்கும்வரை காத்திருக்கும். ஆத்-டபிள்யூஆர்கீ கட்டளையால் என்விராமில் பாஸ்வேர்ட் எழுதுங்கள். பாஸ்வேர்ட்களை வைத்திருக்கும் கீஎஃப்எஸ் ஓடும்போது சேஞ்ச்யூசரால் கிளெண்டா என்ற யூசருக்கு அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். இரண்டும் வேறானால் ட்ராடெர்ம் உள்ளே விடாது, காரணமும் தெளிவாகச் சொல்லாது. 567, 17019 இரண்டு போர்ட்களும் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். நெட்வொர்க் விவரங்கள் உள்ள என்டிபி (ndb) ஃபைலில் ஆத், ஆத்டாம் வரிகள் விடுபட்டாலும் இதே நிலைதான்.

இணையதளம் நடத்த இது வேண்டாம். கற்றுக்கொள்ள என்றால் இவ்வளவு குறைந்த செலவில் இதைவிட சுவாரசியமானது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சோலாரிஸ் வழியில் வந்த ஆம்னிஓஎஸ்ஸில் ஸோன் (ஒரே சர்வருக்குள் பிரித்து வைக்கும் தனிச் சூழல்) உருவாக்கினேன். சர்வருக்கு நெட் வருகிறது, ஸோனுக்கு வரவில்லை.

பதில்: ஸோனின் விஎன்ஐசிக்கு (மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) தனி மேக் முகவரி இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த மேக் தவிர வேறெதிலிருந்து வந்தாலும் ஹோஸ்ட் அந்தப் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறது. எதர்ஸ்டப் (சர்வருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) ஒன்று உருவாக்கி, ஸோன்களை அதில் தனியார் ஐபியோடு மாட்டி, வெளியே போக நேட் (எல்லாம் சர்வரின் ஒரே முகவரியில் போகும் முறை) வையுங்கள். ஸோன் போன்ற ஃப்ரீபிஎஸ்டி ஜெயில்களை, விநெட் என்ற தனி நெட்வொர்க் வசதியோடு பிரிட்ஜ் செய்கிறவர்களுக்கும் இதே தொல்லை, இதே மருந்து.

கேள்வி: பிளானை 2 கோருக்கு உயர்த்தினேன். ஓபன்பிஎஸ்டி ஒன்றைத்தான் காட்டுகிறது.

பதில்: ஒரே கோர் இருந்தபோது இன்ஸ்டாலர் ஒற்றைப் புராசஸர் கெர்னலைப் போட்டுவிட்டது. உங்கள் பதிப்புக்கான பிஎஸ்டி.எம்பி (பல புராசஸர்) கெர்னலை இறக்கி, பழையதை வேறு பெயரில் வைத்துவிட்டு அதன் இடத்தில் போடுங்கள்.