நோட் ஜேஎஸ்: லோட் பேலன்சருக்குப் பின்னால் எப்போதாவது வரும் 502

லோட் பேலன்சர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிப்பது) பின்னால் ஓடும் உங்கள் நோட் செயலிக்கு எப்போதாவது 502 (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தீர்வு: எக்ஸ்பிரஸில் (நோட்டுக்கான வெப் கட்டமைப்பு) ஆப்.லிசன் திருப்பித்தரும் சர்வரை ஒரு மாறியில் வாங்கி, அதன் கீப்அலைவ்டைம்அவுட்டை (சும்மா இருக்கும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் நேரம்) 65000 ஆகவும் ஹெடர்ஸ்டைம்அவுட்டை (கோரிக்கையின் தலைப்புகள் வந்து சேரக் காத்திருக்கும் நேரம்) 66000 ஆகவும் வையுங்கள். இரண்டும் மில்லிவிநாடி, 65 என்று மட்டும் எழுதினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆயிரத்தில் ஓரிரு கோரிக்கைகள் மட்டும், அதுவும் கூட்டம் குறைந்த நேரத்தில், 502 ஆகின்றன என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: சும்மா இருக்கும் இணைப்பை நோட் இயல்பாக 5 விநாடியில் மூடிவிடும். நீங்கள் வைத்திருக்கும் லோட் பேலன்சரான அமேசான் ஏஎல்பியோ அதே இணைப்பை இயல்பாக 60 விநாடி வரை உயிரோடு இருப்பதாக நம்பும். நோட் மூடும் அதே கணத்தில் ஏஎல்பி புதுக் கோரிக்கையை அதில் அனுப்பினால், பதில் வராது. கூட்டம் அதிகமிருந்தால் இணைப்பு சும்மா இருப்பதே அரிது, அதனால்தான் பகலில் தெரிவதில்லை.

உறுதிசெய்ய ஏஎல்பி அணுகல் பதிவைப் பாருங்கள். 502 வரிகளில் டார்கெட்டின் (ஏஎல்பி கோரிக்கையை அனுப்பும் உங்கள் நோட் சர்வரின்) நிலைக்குறி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் '-' இருந்து, உங்கள் நோட் பதிவில் அந்தக் கோரிக்கையே இல்லையென்றால் இதேதான்.

ஏஎல்பிக்கும் நோட்டுக்கும் நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால், சும்மா இருக்கும் இணைப்பை மூட ஒவ்வொரு அடுக்கும் தனக்கு முன்னால் (பயனர் பக்கம்) உள்ளதைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். புது வெளியீட்டின்போது மட்டும் 502 வந்தால் இது தீர்க்காது; சிக்டெர்ம் (செயலியை நிறுத்தச் சொல்லும் சைகை) வந்ததும் செயலி உடனே செத்துவிடுகிறதா என்று பாருங்கள்.